பிரிபடாத பாகம்

காரைக்குடியில் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
ஒரு மேசை போட்டு
பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன்.

முத்துப்பட்டணத்தில் இருபத்து நாலு சென்ட், ஒரே வீடு.
முப்பத்தேழு கையெழுத்து.
ஈப்போவிலிருந்து பவர் பத்திரம் இரண்டு வந்தது.
ஒருத்தர் மனசு மாறி
வாசல்வரை வந்து இரண்டு முறை பஸ் ஏறிப் போனார்.
கடைசியில் வந்தவர் நாச்சியப்பன்.
இருநூற்றுப் பதினாறில் ஒரு பாகம் அவருக்கு.
கால்குலேட்டரில் தட்டிக் காட்டினேன்:
நாற்பத்தெட்டு சதுர அடி.
ஒரு கட்டில் போட்டால் கால் வைக்க இடமிருக்கும்.

'ஏம்மா, அது வீட்டில் எந்த இடம்?'
'எந்த இடமும் இல்லைங்கய்யா.
எல்லா இடத்திலும் கொஞ்சம்.'
அவர் சிரிக்கவில்லை.
கருவி அவர் ரேகையை நாலு தடவை ஏற்கவில்லை,
ஐந்தாவது தடவை
வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தார்.

தேக்குத் தூண்கள் லாரியில் போன அன்று
நான் போய்ப் பார்க்கவில்லை.
நல்ல முகூர்த்த நாள்,
எனக்குப் பதினாறு பத்திரம்.

இப்போது தரையோடு சேர்த்து நாலு தளம்.
கீழே மருந்துக்கடை, செல்போன் சர்வீஸ்,
கமருதீனின் பரோட்டா ஸ்டால், இன்னும் மூன்று ஷட்டர்.
மேலே பதினெட்டு வீடு.

வயலுக்கு எழுதிப் பழகிய கை இது.
வண்டிப்பாதைக்கு மேற்கு, ஊருணிக் கரைக்குத் தெற்கு என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
மூன்றாம் தளத்து வீட்டுக்கு எப்படி எல்லை சொல்வது?
பொது நடைபாதைக்கு வடக்கு,
லிஃப்டுக்கு மேற்கு,
அடுத்த வீட்டுச் சுவருக்குக் கிழக்கு,
ஆகாயத்துக்குத் தெற்கு.
டைப் அடிக்கும் பையன் நிமிர்ந்தான்:
'ஆகாயத்துக்கு சர்வே நம்பர் என்னக்கா?'

அந்த வீட்டை வாங்கியவள் பெனடிக்டா.
தேவகோட்டை ரஸ்தாக்காரி, ஸ்டாஃப் நர்ஸ்,
இருபது வருஷ லோன்.
'நிலத்தில் நானூற்றிரண்டு சதுர அடி எனக்குன்னு போட்டிருக்கே,
அது எங்கே இருக்கு?'
வாய்வரை வந்த பழைய பதிலை விழுங்கிவிட்டுச் சொன்னேன்:
'கமருதீன் அடுப்புக்கு அடியில் கொஞ்சம்,
தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கொஞ்சம்.'
'அப்ப அவர்கிட்ட வாடகை கேக்கலாம்' என்றாள்.

ஆறு மாதம் கழித்து போன் வந்தது.
நைட் டூட்டி முடிந்து
பகலில்தான் தூங்குகிறாள்.
நாலு மணிக்குக் கீழே கொத்து ஆரம்பம்.
கல்லில் விழும் ஒவ்வொரு அடியும்
கான்கிரீட் வழியாக ஏறி
கட்டில் காலுக்கு வந்துவிடுகிறதாம்.
'பத்திரத்தில் சத்தத்தைப் பற்றி ஏதாவது இருக்கா?'

பதினான்கு பக்கமும் படித்தேன்.
காற்று, வெளிச்சம், மோட்டார், மொட்டைமாடி
எல்லாம் எழுதியிருக்கிறேன்.
சத்தத்தை விட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்டுக்கு முன்னால் கூட்டம்.
முதலில் தண்ணீர் லாரிக் கணக்கில் சண்டை:
யார் வீட்டில் எத்தனை தலை,
யார் அதிகம் இறைக்கிறார்கள்.
இதே சண்டையை
ஒரே மூக்கு வாய்த்த முப்பத்தேழு பேரிடம்
இதே இடத்தில் கேட்டிருக்கிறேன்.
இவர்களில் இளையான்குடிக்காரர் உண்டு,
ஒடிசாவிலிருந்து வந்த டைல்ஸ் மேஸ்திரி உண்டு,
ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் மொய் எழுதியதில்லை.
ஆனாலும் பங்காளிகள்தான்.
ரத்தம் வேண்டுமென்று
எந்தச் சட்டத்திலும் நான் படிக்கவில்லை.

பெனடிக்டா எழுந்து விஷயத்தைச் சொன்னாள்.
கமருதீன் கரண்டியோடு வந்திருந்தார்.
'அஞ்சரைக்கு மேல ஆரம்பிக்கிறேன் சிஸ்டர்.
ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்காதீங்க.
எழுதிக் கொடுத்துடுங்க மேடம், பின்னால பேச்சு வரக்கூடாது.'

மருந்துக்கடை பில்லின் பின்புறத்தில் எழுதினேன்,
வேறு மாதிரி எனக்கு வரவில்லை:
கொத்துச் சத்தமானது
மாலை ஐந்தரை மணிக்கு மேற்கு,
இரவு பதினோரு மணிக்குக் கிழக்கு,
இதற்குட்பட்டது.

எங்கேயும் பதிய முடியாத பத்திரம்.
சாட்சி இரண்டு.
மேஸ்திரி தன் மொழியில் பெயர் எழுதினார்,
வட்டம் வட்டமாக இருந்தது,
பெயர் சரிதானா என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை.

ஃபீஸ் இரண்டு பரோட்டா.
சால்னா தனியாகக் கட்டிக் கொடுத்தார்.